மணற்குளவிக்குத் தெரியுமா?

அம்மோஃபிலா என்ற மணற்குளவியிடம் முதலில் பார்க்க வேண்டியது இடுப்பு. மார்பையும் வயிற்றையும் நூல்போல் மெலிந்த நீளக் காம்பு ஒன்று இணைக்கிறது. ஐரோப்பிய மணல்வெளிகளில் கோடையில் திரியும் சபுலோசா என்ற இனத்துக்கு உடல் கறுப்பு. காம்பை அடுத்த வயிற்றுப் பகுதி மட்டும் செம்மஞ்சள். பெண் குளவி தன்னைவிடக் கனமான புழுவைத் தாடையில் கவ்வி, கால்களுக்கிடையே தொங்கவிட்டுத் தரையோடு இழுத்து வரும். வளைக்குள் அதன்மேல் ஒரு முட்டையிட்டு, வாயை மண்ணால் அடைத்துவிடும். புழு குளவியாக மாறுகிறது என்று சமய நூல்கள் சொல்லும் உவமைக்கு வேர் இப்படியொரு அடைத்த கூடுதான். உள்ளே வளர்வது புழுவைத் தின்னும் குளவிக்குஞ்சு.

அந்தப் புழு பெரும்பாலும் சாவதில்லை, அசைவற்றுக் கிடக்கிறது. எங்கே கொட்டுவது என்று தாய்க்கு யார் சொன்னார்கள்? ஃபிரான்சில் பூச்சி ஆய்வாளர் ழான் ஹென்றி ஃபாபர் நெருங்கி உட்கார்ந்து பார்த்தார். குளவி புழுவின் அடிப்பக்கத்தில் கணுக்கணுவாக, நரம்பு முடிச்சுகளைத் தேடியதுபோல் கொட்டியது. கைதேர்ந்த மருத்துவரின் கத்தி என்றே அவருக்குப் பட்டது. தத்துவ அறிஞர் ஹென்றி பெர்க்சன் 1907-இல் இதை எடுத்துக்கொண்டார். குளவி புழுவை வெளியிலிருந்து ஆராயவில்லை; உயிரோடு உயிர் ஒன்றும் பரிவினால் உள்ளிருந்தே உணர்கிறது என்றார்.

அழகான எண்ணம்தான். ஆனால் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜார்ஜ், எலிசபெத் பெக்காம் தம்பதி 1898-லேயே வேறு செய்தி வெளியிட்டிருந்தார்கள். கொட்டும் இடமும் எண்ணிக்கையும் குளவிக்குக் குளவி மாறின. சில புழுக்கள் செத்தே போயின. குஞ்சுகள் அவற்றையும் தின்று வளர்ந்தன. ஒரு குளவி சிறு கல்லைத் தாடையில் பிடித்து, வளை வாயின் மண்ணைத் தட்டி இறுக்கியது. பெர்க்சன் இந்தத் தம்பதியின் பணியை அறிந்தவர். அதனால் தன் கருத்து சாயவில்லை என்றும் கருதினார். இங்கே பெக்காம் தம்பதியின் பக்கமே நிற்க வேண்டியிருக்கிறது. பிழையே செய்யாத உள்ளுணர்வு என்ற படம், ஒரு சில குளவிகளைப் பார்த்து வரைந்தது.

அதற்காகக் குளவியை வெறும் பொறி என்று தள்ளவும் முடியாது. நெதர்லாந்தில் பேரண்ட்ஸ் 1941-இல் வெளியிட்ட ஆய்வில், வேறோர் அம்மோஃபிலா இனம் ஒரே சமயத்தில் பல வளைகளைப் பராமரித்தது. காலையில் இரையில்லாமல் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தது. அதற்குமுன் அவர் ஒரு வளையின் புழுக்களை எடுத்தாலும் கூட்டினாலும், அன்றைய வேட்டை அதற்கேற்ப மாறியது. பார்த்து முடித்தபின் மாற்றினால், அன்று அது பொருட்படுத்தவில்லை. காலையில் கண்ட கணக்குப்படியே புழு கொண்டுவந்தது.