நாளைப் போவேன் என்றவர்

அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவருக்கு வாய்த்த பெயர் விசித்திரமானது: திருநாளைப்போவார். தில்லைக்குப் போகவேண்டும் என்ற ஆசை எழுவதும், தன் குலத்தை எண்ணி அது அடங்கிப்போவதும், பிறகும் "நாளைப் போவேன்" என்று சொல்லிக்கொள்வதுமாக நாட்களைக் கழித்த நந்தனாரின் பெயர் அது. செய்து முடித்த தொண்டினால் அல்ல, தள்ளிப்போட்ட பயணத்தினால் வந்த பெயர். அந்தத் தயக்கத்துக்கு முன்னால் "திரு" என்று போட்டு வைத்திருக்கிறது எமது மரபு.

அழைப்புக் கேட்கிறது, ஆனால் போவதற்கு எனக்குத் தகுதியில்லை, அழைப்பவர் இருக்கிறாரா என்பதே நிச்சயமில்லை. இப்படி நிற்பவன் என்ன செய்வது? இந்தக் கேள்வி எனக்கு நூல்களிலிருந்து வந்ததல்ல. கிளென் வேவர்லியில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறேன். பக்கத்து வீதியில் இருக்கும் ஓர் அம்மா காணும்போதெல்லாம், "தம்பி, கரம் டவுன்ஸ் கோயிலுக்கு ஒருக்கா வந்து தேவாரம் படியுமன். குரல் இருக்கு, பிறகென்ன?" என்பார். "பாப்பம் அன்ரி" என்பேன். நாள் முழுதும் பன்றியும் மாடும் வெட்டிய கை என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் பெரிது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இருந்து கூப்பிட்டவர்களின் பக்கம் திரும்பாத முகம், இப்போது ஒரு பாட்டுக்காக என்னைக் கூப்பிடுகிறது என்று எப்படி நம்புவது?

தவிர, எம்மைப் போன்றோருக்குத் தகுதி என்ற சொல்லே ஒரு நோயாகிவிட்டது. 2012இலும் 2013இலும் படகில் வந்தவர்கள் விண்ணப்பம், விசாரணை, நிராகரிப்பு, மேன்முறையீடு என்று வருடக்கணக்காகத் தாம் நம்பத்தகுந்தவர்கள் என்று நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். 2023இல் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. நிராகரிக்கப்பட்ட பலர் அதற்கு வெளியே நின்றார்கள். இப்படிப் பழகிய மனம் கடவுளின் வாசலிலும் ஒரு விசாரணை அதிகாரியைத்தான் எதிர்பார்க்கும். பல்கலைக்கழகப் படிப்பு பாதியில் நின்றுபோன எனக்கு, "எங்கே பத்திரம்?" என்று கேட்கும் குரல் எதுவும் அந்நியமல்ல.

ஆகவே சேக்கிழாரைத் திரும்பப் படித்தேன். 12ஆம் நூற்றாண்டில் அவர் சொல்லும் ஆதனூர் நந்தனார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். அவர் கைப்பட்ட தோல் சந்நிதியில் முழங்கியது; அந்தக் கை வாசலுக்கு வெளியே நின்றது. குசினியில் நிற்பவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தப் புராணத்தில் இரண்டு வாசல்கள் வருகின்றன. திருப்புன்கூரில் வெளியே நின்று பார்க்க ஆசைப்பட்டவருக்கு நந்தி மறைத்தது. இறைவன் நந்தியை விலகச் செய்தார். இன்றும் அங்கே நந்தி சற்று விலகியே இருக்கிறது. தில்லையிலோ, ஊர் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தவருக்குக் கனவில் கிடைத்த கட்டளை, தீயில் மூழ்கி வா என்பது. பூணூலும் சடையுமாக முனிவராகித் தீயிலிருந்து எழுந்த பிறகே அவர் உள்ளே போனார். முதல் வாசலில் தடை விலகியது. இரண்டாம் வாசலில் மனிதன் மாறவேண்டியிருந்தது. இரண்டும் ஒரே குரலா? சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் இந்தத் தீ இல்லை, அடியாரின் பெயர்தான் இருக்கிறது. தீ நந்தனாருக்காக அல்ல, பார்த்தவர்களின் கண்ணுக்காக என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அப்படியானால் எரிந்திருக்க வேண்டியது அந்தப் பார்வை.

இது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்து பதினொரு வருடங்களுக்குப் பிறகு, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகக் கேட்டு நின்றார்கள். மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம். வாசலில் கேட்டது முருகனின் குரல் அல்ல, மறித்தவர்களின் குரல். ஆனால் அந்தக் குரலைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவனுக்கு அது தன் சொந்த மனச்சாட்சி போலவே கேட்கத் தொடங்கும். "எனக்குத் தகுதியில்லை" என்று அவனே சொல்லுவான். நாம் அதைப் பணிவு என்று பாராட்டுவோம்.

மாணிக்கவாசகரும் தன்னை நாயிலும் கீழாகத்தான் சொல்லிக்கொள்கிறார். ஆனால் அது உள்ளே போய்விட்டவர் அன்பின் மிகுதியால் சொல்லும் சொல். வெளியே நிற்பவனைக் கொண்டு சொல்லுவிக்கும் சொல் வேறு. முதலாவது ஒருவனை நடக்க வைக்கிறது; இரண்டாவது நிறுத்தி வைக்கிறது. இரண்டையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த அளவுகோல் இது ஒன்றுதான்.

ஐயத்துக்கும் இதே கணக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. முள்ளிவாய்க்கால் பற்றிய கேள்வியை வெளியில் விட்டுவிட்டுத்தான் கும்பிட வரவேண்டும் என்றால், அதுவும் ஒரு தீக்குளிப்பு. கேள்வியைச் சுமந்துகொண்டே போகலாம். பதில் கிடைக்காமல் திரும்பியும் வரலாம். நந்தனார் தெளிந்த பிறகு புறப்பட்டவரல்லர். தயக்கத்தோடே புறப்பட்டார், எல்லையில் நின்றும் தயங்கினார், ஆனால் சுற்றி நடந்துகொண்டிருந்தார். "நாளை" என்ற சொல்லுக்குத் "திரு" சேர்ந்தது அந்த நடையால்தான்.

மிஞ்சுவது ஏற்கனவே உள்ளே இருப்பவர்களுக்கான கேள்வி. புலம்பெயர்ந்த நாடுகளிலும் கோபுரங்கள் எழுப்பிவிட்டோம். கலியாணப் பேச்சில் ஊரும் பகுதியும் விசாரிப்பதை நிறுத்தவில்லை. வாசலில் ஒருவன் தயங்கி நிற்கும்போது, அவனிடம் என்ன குறை என்று பார்ப்பதற்கு முதல், இடையில் மறைத்துக்கொண்டிருப்பது யார் என்று பார்க்கலாம். திருப்புன்கூரில் விலகியது கல் நந்தி. எமக்குக் கால்கள் இருக்கின்றன.