எழுபத்தாறரைக் கோடி டொலர் நியாயமா?

பந்தை மட்டையால் அடிப்பதற்கு ஒரு மனிதனுக்கு எழுபத்தாறரைக் கோடி டொலர் கொடுக்கலாமா? வாசகரே, கேள்வியைக் கேட்டவுடனே ‘கூடாது’ என்று சொல்ல உங்கள் நா துடிக்கும். சற்றுப் பொறுங்கள். விடயம் நாம் நினைப்பதுபோல் அத்தனை எளிதன்று.

2024 டிசெம்பரில், நியூயோர்க் நகரின் மெற்ஸ் என்னும் பேஸ்போல் கழகம், டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஹுவான் சோட்டோ என்ற 26 வயது இளைஞரோடு 15 ஆண்டுகளுக்கு இந்தத் தொகைக்கு ஒப்பந்தம் செய்தது. கழகத்தின் அதிபர் ஸ்டீவ் கோகன், முதலீட்டுத் தொழிலிற் பெருஞ்செல்வம் சேர்த்தவர். பேஸ்போல் வரலாற்றில் அதுவரை எவருக்கும் இத்தொகை பேசப்பட்டதில்லை. சோட்டோவோ பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பும் அடியில் வல்லவர். ‘ஹோம் ரன்’ எனப்படும் அந்த அடியைக் கிரிக்கெற் அறிந்தவர்கள் ஆறு ஓட்ட அடிக்கு ஒப்பாகக் கொள்ளலாம்.

அமெரிக்க ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்று வாதிட்டார்கள். ‘பணம் உள்ளவன் வாங்குகிறான், இதில் என்ன குற்றம்?’ என்றது ஒரு சாரார். ‘பணமே விளையாடுவதானால் மற்றக் கழகங்கள் எதற்கு?’ என்றது மறு சாரார். இவர்களெல்லாரிலும் உரத்துக் குரல் எழுப்பியவர்கள் அதே நகரின் யாங்கீஸ் கழகத்தார். 2024ஆம் ஆண்டு முழுவதும் சோட்டோ அவர்களுக்காகவே ஆடியிருந்தார். அவரை வைத்திருக்க அவர்கள் 16 ஆண்டுகளுக்கு 76 கோடி கொடுக்க முன்வந்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. 2025 மே மாதம் மெற்ஸ் அணியோடு அவர் பழைய மைதானத்துக்கு வந்தபோது, மட்டையோடு நின்ற ஒவ்வொரு முறையும் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். ‘விசுவாசமில்லாதவன்’ என்பது குற்றச்சாட்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பணத்தால் வீரரை வாங்கும் கலையிற் பேஸ்போல் உலகுக்கே ஆசானாக இருந்தது இந்த யாங்கீஸ் கழகந்தான். 1919 டிசெம்பரில் பொஸ்ரன் கழகத்தின் அதிபர் ஹரி பிரேசியிடமிருந்து பேப் றூத்தை ஓரிலட்சம் டொலருக்கு அவர்கள் வாங்கினார்கள். அத்தோடு பிரேசிக்குப் பெருங்கடனும் கொடுத்தார்கள். றூத் கத்தோலிக்கர் மறவாத பெயர். பால்ரிமோர் நகரில் சவேரியார் சபைச் சகோதரர்கள் நடத்திய தூய மரியாள் தொழிற்பாடசாலையில் வளர்ந்த முரட்டுச் சிறுவன் அவர். மட்டையைப் பிடிக்க வழிகாட்டியவர் மத்தியாஸ் என்ற சகோதரர். 1948இல் அவர் இறந்தபோது, நியூயோர்க் தூய பத்திரிசியார் பேராலயத்திற் கர்தினால் ஸ்பெல்மன் தலைமையில் அடக்கச் சடங்கு நடந்தது. றூத்தை விற்ற பொஸ்ரன், 1918இல் வெற்றிக் கிண்ணம் பெற்ற கழகம். அடுத்த கிண்ணத்துக்கு 2004 வரை, 86 ஆண்டுகள் காத்திருந்தது. வாங்கியவர்கள் நூறாண்டு கழித்துத் தாமே இழந்தபோதுதான் பணத்தின் கொடுமை அவர்கள் கண்ணிற் பட்டது.

விவிலியம் அறிந்த வாசகருக்கு இங்கே நாத்தான் தீர்க்கதரிசி நினைவுக்கு வரலாம். திரளான ஆடுகளை உடைய செல்வன் ஒருவன், ஏழை மகளைப்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து வைத்தான் என்று தாவீது அரசனுக்கு அவர் சொன்ன கதை. பணக்காரக் கழகம் சிறிய கழகத்தின் ஒரே நல்ல வீரனை எடுத்துக்கொள்ளும்போது ரசிகன் நெஞ்சில் எழும் கோபம் அந்தக் கதையின் கோபந்தான். ஆனால் உவமை ஓரிடத்திற் பொருந்தாது. ஆட்டுக்குட்டிக்கு வாய் இல்லை. வீரன் மனிதன்.

வாயிருந்தும் பேச உரிமையில்லாத காலமும் இருந்தது. ஒரு முறை ஒப்பந்தம் எழுதிய வீரன், கழகம் விடும்வரை அதற்கே கட்டுப்பட்டவன். கழகம் விற்றால் விற்ற இடத்துக்குப் போக வேண்டும். 1969இல் சென். லூயிஸ் கழகம், தனக்காகப் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கேர்ட் புளட் என்ற கறுப்பின வீரரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் மறுத்தார். என் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்தல்ல என்ற கருத்துப்பட ஆணையாளருக்குக் கடிதம் எழுதி, ஆண்டுக்கு 90,000 டொலர் சம்பளத்தையும் பணயம் வைத்து வழக்காடினார். 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கெதிராகத் தீர்த்தது. ஆயினும் 1975 டிசெம்பரில், வேறிரு வீரர்களின் வழக்கில், நடுவர் ஒருவர் அந்தக் கட்டை அறுத்துவிட்டார். இன்று ஆறு ஆண்டு பணியாற்றிய வீரன் தான் விரும்பிய கழகத்தோடு பேசலாம்.

இனி, சோட்டோவை நோக்கி எறியப்பட்ட அந்த ‘விசுவாசம்’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். பதினாறு வயதில் அவரைச் சேர்த்த வொஷிங்டன் கழகம், அவர் துணையோடு 2019இற் கிண்ணம் பெற்றது. 2022இல் 44 கோடி டொலர் கொடுக்க முன்வந்தது; அவர் ஏற்கவில்லை; உடனே சான் டியேகோவுக்கு மாற்றிவிட்டது. சான் டியேகோ அவரை 2023 டிசெம்பரில் யாங்கீஸுக்கு மாற்றியது. இவ்விரு மாற்றங்களிலும் முடிவு கழகத்தினுடையது. அப்போது விசுவாசத்தைப் பற்றி எவரும் வீதியில் நின்று கூவவில்லை. அவர் தம் விருப்பப்படி ஒரேயொரு முறை இடம் மாறினார். அதற்குத்தான் இத்தனை இகழ்ச்சி.

சரி, தொகை அதிகமன்றோ என்பீர்கள். அதிகந்தான். ஓர் ஆசிரியையோ தாதியோ பல பிறவி உழைத்தாலும் காணாத பணம். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தமது சுற்றுமடலில் தொழிலாளியின் நியாயமான கூலியைப் பற்றி எழுதியபோது, குடும்பம் நடத்தப் போதாத கூலியே அவர் கவலை. இப்படி ஒரு கூலியை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஆனால் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? ரசிகர் வாங்கும் நுழைவுச் சீட்டிலிருந்தும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களிலிருந்தும் வருகிறது. அல்லது அதிபரின் பையிலிருந்து வருகிறது. சோட்டோவுக்குக் கொடாவிட்டால் அது ஏழைக்குப் போகாது, அதிபரிடமே தங்கும். அதிபர் வைத்திருந்தால் பேசாமலிருக்கும் நாம், வீரன் வாங்கினால் மட்டும் நெஞ்சில் அடித்துக்கொள்வது ஏன்? திராட்சைத் தோட்டத்தில் அதிகாலை முதல் உழைத்தவர்கள் கடைசியில் வந்தவனின் கூலியைப் பார்த்து முறுமுறுத்ததை ஆண்டவர் எப்படிக் கண்டார் என்பதை மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள்.

எல்லா முறுமுறுப்பும் பொறாமை என்று நான் சொல்லவில்லை. பிறன் நன்மையைக் கண்டு வருந்துவதே பொறாமை என்று வகுத்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், அந்த நன்மையால் நமக்கோ பிறருக்கோ தீங்கு வரும் என்று அஞ்சி வருந்துவதை அதிலிருந்து பிரித்தே வைத்தார். சிறு நகரத்து ரசிகனின் வருத்தம் இரண்டாவது வகை. கடைக்காரன் பக்கத்துக் கடை மூடினால் மகிழலாம். விளையாட்டுக் கழகமோ எதிரணி இல்லாவிட்டால் விளையாடவே முடியாது. ஆகவே எதிரணியின் உயிர் பணக்காரக் கழகத்துக்கும் ஒரு பொறுப்பு. எல்லை மீறிச் சம்பளம் கொடுப்போரிடம் வரி அறவிடுவதும், செல்வக் கழகங்களின் வருமானத்தில் ஒரு பகுதியைச் சிறிய கழகங்களுக்குப் பகிர்வதும் இதற்காகவே. ஆனால் பகிர்ந்து கொடுத்ததை அணிக்குச் செலவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று 2018இல் வீரர் சங்கம் நான்கு கழகங்கள்மீது முறையிட்டது. ஏழைக் கழகம் என்பதால் ஏழை அதிபர் என்று எண்ணிவிடாதீர்கள்.

பணம் எப்போதும் வெல்வதில்லையே என்று ஆறுதல் சொல்பவர்களும் உளர். உண்மைதான். 2002இல் யாங்கீஸ் செலவில் மூன்றிலொரு பங்களவே செலவிட்ட ஓக்லண்ட் கழகம், அவர்களைப்போலவே 103 ஆட்டங்களில் வென்றது. 2025இல் சோட்டோ 43 ஹோம் ரன் அடித்தும், மெற்ஸ் கடைசி நாளில், மிகக் குறைவாகச் சம்பளம் கொடுக்கும் கழகங்களுள் ஒன்றான மயாமியிடம் தோற்று, இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாமற் போனது. ஆனால் செல்வன் சிலவேளை தோற்கிறான் என்பதால் முறை நியாயமாகிவிடாது. அதே 2025இல், மெற்ஸைப்போலவே வாரியிறைத்த லொஸ் ஏஞ்சல்ஸ் கழகம் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகக் கிண்ணத்தைத் தூக்கியது.

இந்தச் சச்சரவில் யாரும் பேசாத ஒரு கூட்டம் உண்டு. பெரிய கழகங்களுக்குக் கீழே பயிற்சி அணிகளில் ஆடும் இளைஞர்களுள் கடைநிலைப் படியிலிருந்தோரின் ஆண்டுச் சம்பளம், 2023இல் அவர்களுடைய முதல் கூட்டு உடன்படிக்கை வரும்வரை 4,800 டொலர் அளவில் இருந்தது. டொமினிக்கன் குடியரசிலோ முப்பது கழகங்களும் பயிற்சி முகாம்கள் வைத்திருக்கின்றன. பதினாறு வயதில் ஒப்பந்தம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், பள்ளிப் புத்தகத்தை மூடிவிட்டு அங்கே பந்தடிக்கும் சிறுவர் ஏராளம். சோட்டோவும் அந்த மண்ணிலிருந்து எழுந்தவர்தான். அவரோடு முகாமுக்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் எந்தப் பெரிய கழகத்தின் சட்டையையும் அணியாமல், படிப்பும் இன்றி வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கழகங்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கின்றன என்று எந்த ரசிகரும் கணக்குப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.