கால் விரிந்த குஞ்சு



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, தம்ம வகுப்பு முடிந்து எழுந்த வேளையில், தாராவி 90 அடிச் சாலைப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி அட்டைப் பெட்டியொன்றை என் முன் வைத்தாள். உள்ளே சாயம் பூசிய இரு கோழிக்குஞ்சுகள் இருந்தன. முட்டையிடும் இனத்தில் சேவலாய்ப் பிறந்தவை பயனற்றவையென்று பண்ணைகளில் கழிக்கப்படுகின்றன. அவற்றுள் சில இவ்வாறு நிறமேற்றித் தெருவில் விற்கப்படுகின்றன. ஒன்றின் கால்கள் பக்கத்துக்கொன்றாக விரிந்து, வயிறு தரையில் படக் கிடந்தது. மற்றொன்று நொண்டிற்று.

"தாத்தா, இவை நடக்குமா?" என்றாள்.

அங்கு நின்ற அன்பர் ஒருவர், "ஞாயிறுதோறும் குழம்பில் போடுவதற்கு வைத்தியமா?" என்று நகைத்தார். அவர் கேள்வியை நான் அற்பமாக எண்ணவில்லை. முதற்சீலத்தைப் பற்றி அவரோடு பேச வேறு நாள் உண்டு. குஞ்சின் நோவோ அன்றைய நோவு.

பகவான் கோழியைக் கொண்டே ஓர் உவமை கூறியுள்ளார். முட்டைகளை முறையாக அடைகாத்த கோழி, குஞ்சு வெளிவரவேண்டுமென்று விரும்பாவிடினும் குஞ்சு வரும். அடைகாவாமல் விரும்பிக்கொண்டே இருந்தால் வாராது. 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டுவதை நாம் கருணையென்று எண்ணிவிடுகிறோம்.

கால் விரிதல் பெரும்பாலும் வழுக்கும் தரையால் நேர்வது. செய்தித்தாள் விரித்த பெட்டியில் பிஞ்சுக் கால் ஊன்ற இடமின்றிச் சறுக்கும். எலும்பு இளகியிருக்கும் முதற் சில நாட்களுக்குள் கவனித்தால் நேராகும். தாளை எடுத்துவிட்டுப் பழைய துண்டை விரித்தோம். மெல்லிய துணிப்பட்டையால் இரு கால்களையும் விரற்கடை இடைவெளி விட்டுப் பிணைத்தோம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை இட்டோம். இல்லையேல் கால் கட்டிய குஞ்சு அதில் விழுந்து மூழ்கும். முதல் வாரத்தில் 35 பாகை அளவு வெப்பமும் வேண்டும், விளக்கொன்று போதும்.

இருபதாண்டு ஆலையில் அறுந்த இழை இணைத்த கை என்னுடையது. அந்தப் பெருமையில் முடிச்சை இறுக்கிவிட்டேன். இரவில் பார்த்தால் பாதம் வீங்கிச் சில்லிட்டிருந்தது. அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன். அதன்பின் நாளுக்கு மூன்று முறை பார்க்கலானேன்.

தேவானாம்பிரிய அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதர்க்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதைப் பொறித்துள்ளார். அதில் சோழ பாண்டிய நாடுகளும் பெயர் பெற்றுள்ளன. ஐந்தாம் தூண் கல்வெட்டோ சேவலுக்கு விதையடிப்பதையே விலக்குகிறது. பேரரசர் ஒருவர் சேவலைப் பற்றிக் கல்லில் எழுதுவித்தார்! நம் பம்பாயிலும் 1874இலேயே பிராணிவதைத் தடுப்புச் சங்கம் தோன்றிற்று. ஆலை அதிபர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட்டின் துணைவியார் சக்கர்பாய் பெயரால் பரேலில் பிராணிகள் மருத்துவமனை உண்டு. வேலைக்குப் போகையில் எத்தனையோ நாள் அதன் வாயிலைக் கடந்திருக்கிறேன், உள்ளே சென்றதில்லை.

ஆறாம் நாள் கட்டை அவிழ்த்தோம். குஞ்சு இருமுறை விழுந்தது. மூன்றாம் முறை நின்றது. இடக்கால் சற்றுச் சாய்கிறது. ஆயினும் தானே தண்ணீரிடம் போய் வருகிறது. நகைத்த அன்பர் இப்போது அரிசிக் குறுணை கொடுத்தனுப்புகிறார்.

மற்றொன்றைச் சொல்லாமல் விடலாகாது. அதன் மூட்டில் தசைநாண் நழுவி வீங்கியிருந்தது. தீவனத்தில் மாங்கனீசு, கோலின் போன்ற சத்துகள் குறைவதால் அவ்வாறு நேர்வதுண்டு. அதைத் தொடக்கத்திலேயே வைத்தியரிடம் காட்டவேண்டும், துணிப்பட்டை உதவாது. திங்களன்று பரேலுக்குக் கொண்டுபோவதென்று முடிவு செய்திருந்தேன். அன்று மழை. செவ்வாய் காலை பெட்டியைத் திறந்தபோது அது இறந்து கிடந்தது.

"நேற்றே போயிருந்தால் பிழைத்திருக்குமா, தாத்தா?" என்று சிறுமி கேட்டாள்.

பிழைத்திருக்கும் என்று என்னால் உறுதி கூற முடியவில்லை. மழையென்று தள்ளிப்போட்டவன் நான்தான் என்பதை மட்டும் அவளிடம் ஒப்புக்கொண்டேன்.