ஞானஸ்நானத் தொட்டியருகே பெற்ற பெயர்



நம் கொங்கு நாட்டில் வீட்டுக்குப் புதியவர் ஒருவர் வந்தால், அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேச்செடுப்போம். "எந்த ஊருங்க? யார் வீட்டுப் பையனுங்க?" என்று தொடங்கி, மெல்ல மெல்ல, "நீங்க என்ன ஆளுங்க?" என்பதில் வந்து நிற்போம். அதற்குப் பதில் கிடைத்த பிறகே, வந்தவர் இன்னார் என்று தெரிந்துகொண்டதாக நம் மனம் திருப்தியடைகிறது.

உங்கள் குழந்தையைக் கோவிலுக்குத் தூக்கிவந்த நாளை நினைத்துப் பாருங்கள். குருவானவர் முதன்முதல் என்ன கேட்டார்? பிள்ளைக்கு என்ன பெயரிடுகிறீர்கள் என்றல்லவா? தோட்டம் எத்தனை ஏக்கர், தகப்பனுக்கு என்ன சம்பளம், நீங்கள் என்ன ஆள் என்று திருச்சபைத் தாய் கேட்கவில்லை. பெயரைக் கேட்டாள், தலையில் தண்ணீர் வார்த்தாள், சர்வேசுரனுடைய பிள்ளை என்ற அழியாத முத்திரையை ஆத்துமத்தில் பதித்தாள். பாவம் அந்த முத்திரையின் அழகை மறைக்கலாம். முத்திரையை அழிக்க அதனால் ஆகாது. "நான் யார்?" என்ற கேள்விக்குக் கிறிஸ்தவனுடைய முதற் பதில் இதுவே.

இந்தப் பதிலுக்காக உயிரையே கொடுத்தவர் ஒருவர் நம் தமிழ் மண்ணில் இருந்தார். 1712-ம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர். குலமும் பதவியும் செல்வாக்கும் அவருக்குக் குறைவின்றி இருந்தன. ஆயினும் ஆடுமாடுகள் மடிந்து வீட்டில் நஷ்டம் வந்தபோது, இவை ஒன்றும் அவர் மனத்தைத் தேற்றவில்லை. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு மன்னரிடமே படைத்தலைவரான டிலனாய் என்பவர், எல்லாம் இழந்தும் தேவனை இழக்காத யோபுவின் சரித்திரத்தை அவருக்குச் சொன்னார். 1745-ம் ஆண்டு மே 14-ந் தேதி வடக்கன்குளத்தில், சேசு சபைக் குருவாகிய புத்தாரி சுவாமியாரிடம் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். இலாசர் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். தேவன் சகாயம் செய்தார் என்பது அதன் பொருள், தமிழில் தேவசகாயம்.

அன்றுமுதல் அவர் தாழ்த்தப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார். மனிதர் யாவரும் சமம் என்று போதித்தார். 1749-ல் சிறைப்பட்டார். அவமானமும் அடியும் பசியும் மூன்று ஆண்டுகள் அவரைத் தொடர்ந்தன. பழைய பெயருக்குத் திரும்பியிருந்தால் எல்லாம் மீண்டும் கிடைத்திருக்கும். அவர் திரும்பவில்லை. 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு வேதசாட்சியாக மரித்தார். இவர் குருவுமல்ல, சந்நியாசியுமல்ல, உங்களைப்போல் குடும்பஸ்தர்.

இவ்வளவுக்குப் பிறகும் நாம் செய்தது என்ன? அவர் பெயருக்குப் பின்னால் "பிள்ளை" என்று சாதிப் பட்டத்தைச் சேர்த்தே சொல்லிவந்தோம். 2012-ல் கோட்டாற்றில் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டபோதும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நீக்கும்படி உரோமாபுரிக்கு விண்ணப்பங்கள் சென்றன. 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தியபோது, இலாசர் என்னும் தேவசகாயம் என்றே அழைத்தார். தொட்டியருகே பெற்ற பெயர் மட்டும் பீடம் ஏறியது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் எழுந்த கோவிலுக்குள் சாதிக்குச் சாதி பிரிக்கும் சுவர் நின்றது என்பதைக் கேட்டால் நெஞ்சு வேகிறதல்லவா? 1910-ல் அது இடிக்கப்பட்டது. இடித்தது தவறென்று வழக்குத் தொடுத்தவர்களும் உண்டு! நம் கோயம்புத்தூரும் இந்தத் துயரத்துக்குத் தப்பவில்லை. 1846-ல் கருமத்தம்பட்டியில் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்ற மரியோன் பிரெசியாக் ஆண்டகை, சாதி வழக்கங்களை எதுவரை அனுமதிக்கலாம் என்ற கேள்வியால் மனச்சாட்சி வருந்தி, தம் பதவியைத் துறந்தார். பின்பு ஆப்பிரிக்க மக்களுக்காக ஒரு வேதபோதக சபையை நிறுவி, 1859-ல் அந்தக் கண்டத்திலேயே உயிர் துறந்தார்.

"அப்படியானால் பெற்றோரையும் ஊரையும் மறக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. நம் ஆண்டவரே நாசரேத்தூரார் என்றும் தச்சன் மகன் என்றும் அழைக்கப்பட்டார். மரியாதை நிறைந்த நம் கொங்குத் தமிழும், மண்ணில் பாடுபட்ட நம் முன்னோரும் தேவன் தந்த நன்மைகளே. ஆனால் அந்த நன்மையைக் கொண்டு அயலானை ஒரு படி கீழே நிறுத்தும்போது, நம் தலையில் வார்த்த தண்ணீரை நாமே துடைத்தெறிகிறோம்.

இந்தப் பாடம் பெருமைக்காரருக்கு மட்டுமல்ல. மில் மூடியபோது, "இனி நான் யாருமில்லை" என்று வீட்டு மூலையில் முடங்கிய தகப்பன்மார் நம் ஊர்களில் எத்தனை பேர்! பரீட்சையில் தவறிய பிள்ளையும், வரன் அமையாத மகளும், பிழைப்புத் தேடித் திருப்பூரில் வந்து தங்கிய வெளியூர்த் தொழிலாளியும் அப்படியே நினைக்கிறார்கள். மகனே, மகளே, வேலை உன்னை விட்டுப் போகலாம். உன் பெயரைச் சர்வேசுரன் மறக்கமாட்டார்.

ஆகையால் இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் மூன்று காரியம் செய்யுங்கள். பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தில் அவரவர் ஞானஸ்நானத் தேதியைக் கேட்டறிந்து, வீட்டில் எழுதிவைத்து, பிறந்தநாளைப்போல் கொண்டாடுங்கள். வீட்டுக்கு வருகிறவரிடம் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விடுங்கள். மகனுக்கோ மகளுக்கோ வரன் பார்க்கும்போது, விசுவாசமும் குணமும் என்னவென்று முதலில் விசாரியுங்கள். மூன்றாவது கடினமானது என்று அறிவேன். காற்றாடிமலையைவிடக் கடினமானதல்ல.

அர்ச்சியசிஷ்ட தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.