பெயர் மாறினால் பாவம் மாறுமா?

2024 ஜூலையில் விக்கிரவாண்டிச் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடைபெற்றது. அந்நாட்களில் ஒருநாள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். விக்கிரவாண்டியை நெருங்குகையில் இளைஞர் ஒருவர், "இங்கேயும் திருமங்கலம் ஃபார்முலாதானா?" என்று உரக்கக் கேட்டார். பேருந்தே சிரித்தது, நானும் சிரித்தேன். இறங்கி நடக்கையில்தான், எதைக் கேட்டுச் சிரித்தோம் என்னும் வினா நெஞ்சை உறுத்திற்று.

2009 ஜனவரியில் மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்தில் நடைபெற்ற இடைத்தேர்தலில் வாக்காளர்க்குப் பெருந்தொகை வழங்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. காலை நாளிதழுக்குள் பண உறை வைத்து வழங்கப்பட்டதாக, 2011இல் வெளியான அமெரிக்கத் தூதரகக் குறிப்பொன்றும் கூறிற்று. அதிலிருந்து பிறந்ததே இச்சொல்.

இதனைச் சற்றே ஆராய்வோம். கொடுத்தவர் பெயர் இதில் இல்லை. வாங்கியவர் பெயரும் இல்லை. ஊரின் பெயர் மட்டுமே நிற்கிறது. அவ்வூரில் பணத்தைத் தொடாதவரும் இருந்திருப்பர். அவர்தம் மக்களும் அப்பழியைச் சுமக்கின்றனர். 'ஃபார்முலா' என்பதோ கணக்காசிரியர் கரும்பலகையில் எழுதும் சொல். அதில் நன்மை தீமைக்கு இடமில்லை. விடை வந்தால் போதும். கையூட்டு என்றால் முகம் சுளிப்பவர், ஃபார்முலா என்றதும் அதன் திறமையை வியக்கின்றார்.

ஏளனமும் ஓர் ஆயுதமன்றோ என அன்பர்கள் வினவலாம். உண்மையே. 1967இல் ஹரியானாச் சட்டமன்ற உறுப்பினர் கயாலால் இரு வாரங்களுக்குள் மும்முறை கட்சி மாறினார். 'ஆயாராம் கயாராம்' என்னும் தொடர் நாடெங்கும் பரவிற்று. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. சொல்லே சட்டத்தைக் கொணர்ந்தது என்று கூறேன். ஆயினும் அச்சொல் செய்தவரைச் சுட்டிற்று, ஊரைச் சுட்டவில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, ஒரு பகுதியை ஒப்படைத்து, மற்றொரு பகுதியைத் தமக்குக் கிடைத்த 'ஹதிய்யா', அதாவது அன்பளிப்பு என்றார். பெருமானார் (ஸல்) அப்பெயரை ஏற்கவில்லை. அவர் தம் பெற்றோர் இல்லத்தில் அமர்ந்திருந்தால் அவ்வன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்னும் கருத்துப்பட, மிம்பரில் நின்று மக்கள் முன்னிலையிலேயே வினவினார்கள். இந்நிகழ்ச்சி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. அங்கே முதலில் திருத்தப்பட்டது கணக்கன்று, பெயரே.

தேர்தல் கையூட்டைக் கொடுப்பதைப் போன்றே வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவின்படி குற்றமாகும். சட்டம் அதனைக் கையூட்டு என்றே அழைக்கிறது. மார்க்கம் அதனை 'ரிஷ்வத்' என்கிறது. நாம் மட்டும் ஏன் அதற்குச் செல்லப்பெயர் சூட்ட வேண்டும்?

"தம்பி, அதற்கு லஞ்சம் என்று பெயர்" என அவ்விளைஞரிடம் நான் கூறியிருக்க வேண்டும். அன்று சிரிப்பு என் நாவைக் கட்டிற்று. கூறத் தவறியதை ஈண்டு எழுதுகிறேன்.