படைத்தவன்மேல் இரு குற்றங்கள்

இவ்வுலகை ஒரு கர்த்தா படைத்தான் என்று சொல்லத் துணிந்தவர்கள் அனைவரும், அவன் பொருட்டு ஒரு பழைய வழக்கில் ஆஜராகி விடை சொல்லக் கடமைப்பட்டவர்களானார்கள். ஒருவனை மாளிகையிலும் மற்றொருவனை மரத்தடியிலும் பிறப்பித்தான் ஆதலால் அவனிடம் பாரபட்சம் இருக்கிறது என்பது முதற் குற்றம். நோயையும் மூப்பையும் சாவையும் உலகில் வைத்தான் ஆதலால் அவனிடம் இரக்கம் இல்லை என்பது இரண்டாவது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இவ்விரு குற்றங்களும் வைஷம்யம், நைர்க்ருண்யம் என்று பெயர் குறித்தே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அதற்கு நேர்முந்திய சூத்திரமோ, ஒரு குறையும் இல்லாத ஈசுவரன் எதற்காக உலகைப் படைக்கவேண்டும் என்ற ஆட்சேபத்துக்கு, அது அவனுக்கு வெறும் லீலை என்று சமாதானம் கூறுவது. விளையாட்டு என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கொடுமைக்குக் காரணம் சொல்லவேண்டி வந்துவிட்டதே என்று வியப்பதற்கில்லை. விளையாடுகிறவனைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி இன்னும் உரக்க எழும்.

இந்தப் பழைய வழக்குக் கட்டை நான் மீண்டும் அவிழ்க்க நேர்ந்தது ஒரு பொம்மை விளையாட்டைப் பற்றிச் சிந்தித்தபோது. பொம்மை என்றதும் தத்துவ விசாரம் செய்பவர்கள் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை, எச். ஜி. வெல்ஸ் போன்ற ஓர் ஆசிரியரே, பொம்மைப் போர்வீரர்களை வைத்து விளையாடும் விதிகளை 1913-ல் தனி நூலாக எழுதி வெளியிட்டிருக்கிறார். நான் குறிப்பிடுவது, இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரைச் சேர்ந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்னும் நிறுவனம் 1999-ல் வெளியிட்ட மார்ட்ஹைம். அதை இயற்றியவர்களுள் முதல்வர் பின்லாந்து தேசத்தவரான டுவோமாஸ் பிரினென். அவருக்குத் துணைநின்றவர்கள் இத்தாலியரான அலெஸ்ஸியோ கவடோரேயும், அந்நிறுவனத்தின் பெருவிளையாட்டாகிய வார்ஹாமரை 1983-ல் உருவாக்கியவர்களுள் ஒருவரான ரிக் பிரீஸ்ட்லியும். கருகிய கோபுரங்களும் மண்டை ஓடுகளும் மெழுகுவத்திகளுமாக அந்த உலகுக்கு ஒரு முகத்தைக் கொடுத்த ஓவியர் ஜான் பிளாஞ்ச். வார்ஹாமரில் பெரும்படைகள் மோதும். மார்ட்ஹைமிலோ, ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரமுள்ள, கையால் வண்ணம் தீட்டிய பத்துப் பன்னிரண்டு பொம்மைகளே ஒருவனுடைய முழுச் சேனை. 500 பொற்காசு என்ற கற்பனை மூலதனத்தில் ஆட்களையும் ஆயுதங்களையும் வாங்கிக்கொண்டு, அட்டையால் கட்டிய பாழடைந்த வீடுகளின் நடுவே அங்குலக் கணக்கில் நகர்த்தி, பகடையை உருட்டிச் சண்டையிடவேண்டும்.

இம்மட்டில் புதுமை ஒன்றும் இல்லை. சதுரங்கத்தில் வெட்டுண்ட குதிரை அடுத்த ஆட்டத்தில் மீண்டும் தன் கட்டத்தில் நிற்கிறது. நேற்று நேர்ந்த மரணம் இன்று அதற்கு நினைவில்லை. மார்ட்ஹைமின் ஆசிரியர்களோ ஒரு சேனையின் கணக்கை ஓர் ஏட்டில் எழுதிவைத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் அதைத் தொடர்ந்து கொண்டுசெல்லும்படி விதித்தார்கள். 1995-ல் அதே நிறுவனம் வெளியிட்ட நெக்ரோமுண்டாவில் இம்முறை முன்பே உண்டு என்பது மெய்தான். எனினும் சாபத்துக்குள்ளான ஒரு நகரத்தில் வைத்தபோது அதற்கு வேறோர் ஆழம் பிறந்துவிட்டது. ஆட்டத்தின் நடுவே வீழ்ந்த ஒரு நாயகனின் கதி, ஆட்டம் முடிந்த பின்னரே, இரண்டு பகடைகளால் தீர்மானிக்கப்படும். ஒன்று பத்துகளையும் மற்றொன்று ஒன்றுகளையும் குறிக்க, 11 முதல் 66 வரை 36 பலன்கள். 31 விழுந்தால் ஒரு கண் போயிற்று. 22 விழுந்தால் காலில் காயம். அவன் நடை அன்று முதல் ஓர் அங்குலம் குறையும், அந்த அங்குலம் அதன்பின் ஒருபோதும் திரும்பி வராது. சித்தப் பிரமை, சிறைப்படுதல், உடைமை முழுதும் களவுபோதல், தன்னை வீழ்த்தியவன்மேல் தீராப் பகை, களரியில் அடிமையாக விற்கப்படுதல் என்று அந்த அட்டவணை ஒரு சிறு கருட புராணத்தைப் போல நீள்கிறது. அதில் மரணத்துக்கு 5 பலன்கள். ஒரு குறையும் இன்றி எழுந்திருப்பதற்கு 11. மிகுதி இருபதில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு தழும்பையோ நஷ்டத்தையோ கொடுத்துத்தான் அனுப்புகின்றன.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான பின்னரும், இந்த விளையாட்டை வாலிபத்தில் ஆடியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரலில் ஓர் ஏக்கம் தொனிக்கிறது. வயது போனவனுக்குத் தன் பதினேழாம் பிராயம் இனிக்கத்தானே செய்யும் என்று உலகியல் அறிந்தவர்கள் இதைச் சுலபமாக ஒதுக்கிவிடக்கூடும். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அவர்கள் அதே பிராயத்தில் வேறு பல விளையாட்டுகளையும் ஆடியிருக்கிறார்கள். அவற்றில் பெற்ற வெற்றிகளை அவர்கள் மறந்துவிட்டார்கள். மார்ட்ஹைமைப் பற்றிக் கேட்டால் வெற்றியைச் சொல்பவர் குறைவு. ஒரு கண்ணை இழந்தும் கூட்டத்தை நடத்திச்சென்ற தலைவனைச் சொல்வார்கள், கால் ஒடிந்த பின்னும் கூரைக்குக் கூரை தாவப் பார்த்துக் கீழே விழுந்து மாண்ட வாலிபனைச் சொல்வார்கள். தங்களுக்கு நேர்ந்த நஷ்டங்களையே அவர்கள் பொக்கிஷம் போலக் காத்துவைத்திருக்கிறார்கள். ஆகையால் அவர்கள் ஏங்குவது இளமைக்காக என்பதைவிட, இழந்தது இழந்ததாகவே நின்றுவிட்ட ஓர் உலகுக்காக என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. திருத்தி எழுத முடியாத ஏட்டில்தான் ஒரு பொம்மைக்குச் சரித்திரம் உண்டாகிறது.

படைத்தவனுக்காக வழக்காடுபவர்களுக்கு இது நல்ல சாட்சியம் அல்லவா? ஜான் ஹிக் என்னும் ஆங்கிலேய மத தத்துவ ஆசிரியர், துன்பமும் ஆபத்தும் இல்லாத உலகில் ஆன்மா முதிர்ச்சி பெற வழியே இல்லை என்றும், உலகம் இன்ப மண்டபமாக அமையாமல் பயிற்சிக்களமாக அமைந்ததற்குக் காரணம் அதுவே என்றும் 1966-ல் ஒரு விரிவான நூலில் வாதித்தார். வலி அற்ற உலகையும் வலி உள்ள உலகையும் முன்னே வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்று மனிதனிடம் விட்டால், பொழுதுபோக்குக்காகக் கூட அவன் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறான். தேர்ந்தெடுத்த பின் பல்லாண்டு அதை எண்ணி உருகுகிறான். அப்படிப்பட்டவன், தான் காசு கொடுத்து வாங்கிய அமைப்பையே ஈசுவரன் இலவசமாக அளித்தபோது குறைகூறுவது எவ்விதத்தில் நியாயம்?

சாமர்த்தியமான கேள்விதான். ஆயினும் இதில் ஒரு புரட்டு இருக்கிறது. கண் போனது பொம்மைக்கு. கதை கிடைத்தது ஆடியவனுக்கு. பொம்மைக்கு வலி தெரியாது என்பதால் விளையாட்டில் இந்த இடமாற்றம் குற்றமாகாது. வலி தெரிந்த உயிர்களை வைத்து இதே ஆட்டத்தை ஒருவன் ஆடினால், அவன் அடையும் காவிய ரசம் அவர்களுக்கு எவ்வாறு ஈடாகும்? லீலை என்ற சொல்லில் மேலே இருந்து பார்ப்பவனின் ஆனந்தம் அடங்கியிருக்கிறதே ஒழிய, மேசையின்மேல் நிற்பவனின் சம்மதம் அடங்கியிருக்கவில்லை. வேதாந்திகள் இதை அறியாதவர்கள் அல்லர். அறிந்ததனாலேயே லீலையோடு நிறுத்தாமல் கர்மத்தைக் கொண்டுவந்தார்கள். மழை எல்லா நிலத்துக்கும் பொதுவாகவே பெய்ய, நெல்லாவதும் யவமாவதும் அந்தந்த வித்தைப் பொறுத்தது என்று சங்கரர் தம் பாஷ்யத்தில் விளக்குகிறார். உயிர்களின் ஏற்றத்தாழ்வுக்கு அவரவர் வினையே வித்து, ஈசுவரன் பொதுக் காரணம் மாத்திரமே என்பது அவர் கருத்து.

மார்ட்ஹைமின் பகடையோ வினையை அறியாது. துணையைக் காக்க முன்னே பாய்ந்து வீழ்ந்தவனுக்கும், புறமுதுகு காட்டி ஓடும்போது வெட்டுண்டவனுக்கும் ஒரே அட்டவணைதான். கர்மம் இல்லாத உலகை அமைத்தவர்கள் அதில் கருணை அடியோடு இல்லாமலும் செய்துவிடவில்லை. பலம் குன்றிய சேனை பலம் மிக்க சேனையை எதிர்த்தால் அதற்குக் கூடுதல் அனுபவப் புள்ளிகள் உண்டு என்று ஒரு விதியை நுழைத்துவைத்தார்கள். வினைப்பயனும் இல்லாமல், வெறும் யதேச்சையாகவும் விட்டுவிடாமல், எளியவன் பக்கம் சற்றே சாய்ந்த தராசு அது. இத்தகைய உலகுக்கு ஏற்ற தெய்வக் கொள்கை எந்தச் சமயத்தில் இருக்கிறது என்று நான் யோசித்ததுண்டு. விளையாடுகிறவர்களோ யதேச்சையை அப்படியே விட்டுவைப்பதில்லை. இரண்டு முறை சேர்ந்தாற்போல் ஒரே எண் விழுந்தால் போதும், பகடைக்குக் கோபம் வந்துவிட்டது என்றும், போன வாரம் செய்த துரோகத்துக்கு இன்று பலன் கிடைத்தது என்றும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். கர்ம சித்தாந்தம் மனித மனத்தில் இவ்வளவு மேலாகவே கிடக்கிறது.

கதையையும் ஆசிரியர்கள் இதே குழப்பத்தின்மீதுதான் கட்டினார்கள். சிக்மார் என்பவன் அந்தக் கற்பனைச் சாம்ராஜ்யத்தை நிறுவிப் பின் தெய்வமானவன். இரட்டை வால் கொண்ட தூமகேது அவனுடைய சின்னம். சாம்ராஜ்யக் கணக்கில் 1999-ம் ஆண்டு, அரியணையில் சக்கரவர்த்தி இல்லாத அராஜக காலத்தில், அச்சின்னம் வானில் தோன்றுகிறது. தெய்வம் திரும்பி வருகிறது என்று நம்பி ஜனங்கள் மார்ட்ஹைம் நகரில் வந்து குவிகிறார்கள். கூடிய கூட்டம் கேளிக்கையிலும் பாவத்திலும் ஆழ்ந்திருக்கும்போது தூமகேது நகரத்தின்மேலேயே விழுந்து அதை அழித்துவிடுகிறது. விளையாட்டு வெளிவந்த ஆண்டும் 1999 என்பதையும், அன்று நம் உலகிலும் பலர் வருகிற 2000-த்தை எண்ணிக் கலங்கியிருந்தார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டால் இந்தக் கற்பனையின் கூர்மை விளங்கும்.

விழுந்த கல் சிதறிப் பச்சை ஒளி வீசும் துண்டுகளாகக் கிடக்கிறது. நோய் தீர்க்கும், ஈயத்தைப் பொன்னாக்கும், கையில் வைத்திருப்பவனின் உடலை மிருக உடலாக்கவும் செய்யும். ஆற்றின் நடுவே பாறைமேல் அமைந்த மடத்தில் தப்பிப் பிழைத்த சிக்மாரின் சகோதரிகள், அது நகரத்தின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று நம்பி, உலகைக் காப்பதற்காக அக்கற்களைத் திரட்டி நிலவறையில் பூட்டிவைக்கிறார்கள். அவர்களுள் தெய்வ திருஷ்டி வாய்ந்தவர்கள் கண் தெரியாத பெண்கள். அதே சிக்மாரை வணங்கும் சூனிய வேட்டைக்காரர்களோ அச்சகோதரிகளையே பாஷண்டிகள் என்று துரத்துகிறார்கள். பள்ளத்தில் குடிகொண்ட நிழற்பிரபு என்னும் பிசாசைத் தெய்வமாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். கூலிப்படையினருக்கு அது விற்றுக் காசாக்கும் சரக்கு. வானத்திலிருந்து வந்த ஒரே அடையாளத்தை அருள் என்று ஒருவனும் சாபம் என்று ஒருவனும் படித்து, அதன் பொருட்டு ஒருவனை ஒருவன் வெட்டுகிறான். தெய்வம் வந்ததா இல்லையா என்பதை மட்டும் நூலாசிரியர்கள் சொல்லவேயில்லை. அவர்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்தது அந்த மௌனம் என்பது என் அபிப்பிராயம்.

படைத்தவர்களின் பிற்கதையிலும் ஒரு புராணச் சாயல் உண்டு. பிரினென் பின்னர் கணினி விளையாட்டுத் துறைக்குச் சென்றார்; கவடோரேயும் பிரீஸ்ட்லியும் காலப்போக்கில் நிறுவனத்தைவிட்டு வெளியேறினார்கள். 2013-ஐ ஒட்டி நிறுவனம் மார்ட்ஹைமையும் அதன் இனத்தைச் சேர்ந்த சிறு விளையாட்டுகளையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. அதற்குப் பின் 2014-லும் 2015-லும் வார்ஹாமர் உலகையே ஒரு பிரளயக் கதையால் அழித்து, புதிய உலகொன்றைத் தொடங்கிற்று. பிரளயம் வந்த நாளிலும் விளையாடுகிறவர்கள் வீட்டு மேசைகளில் மார்ட்ஹைம் நின்றுகொண்டுதான் இருந்தது. தக்கையாலும் அட்டையாலும் புதிய இடிபாடுகளைக் கட்டி, கைக்குக் கை மாறிய விதிநூலை வைத்துக்கொண்டு அவர்கள் ஆடினார்கள். நெக்ரோமுண்டாவுக்கு நிறுவனம் 2017-ல் மறுபிறவி அளித்தபோது மார்ட்ஹைமுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. கர்த்தா கைவிட்ட உலகம் பக்தர்களால் நிலைபெறுவது சமய சரித்திரத்தில் கேளாத செய்தி அன்று. பிரினென் மட்டும் பழைய வழிக்கு மீண்டு, மைக் ஃபிரான்சினா என்னும் ஓவியருடன் சேர்ந்து, நரகத்தின் வாயில் திறந்த உலகில் நடக்கும் டிரெஞ்ச் குரூசேட் என்ற விளையாட்டுக்காக 2024-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். அதிலும் தெய்வமும் தழும்பும்தான் பிரதானம்.

இதுவரை நாயகர்களைப் பற்றியே பேசினேன். ஏங்குகிறவர்களும் அவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். ஒவ்வொரு சேனையிலும் அடியாட்கள் என்று ஒரு வகுப்பு உண்டு. நாயகனுக்குத் தனிப் பெயர். அடியாட்களுக்குக் குழுவுக்கு ஒரு பெயர். நாயகன் வீழ்ந்தால் 36 பலன்கள் கொண்ட அட்டவணை, அதில் சாவு 5. அடியாள் வீழ்ந்தால் ஒற்றைப் பகடை, 1-ம் 2-ம் சாவு, அதாவது அதே 36-ல் 12. அவனுக்குத் தழும்பு கிடையாது, பித்துப் பிடிக்காது, தீராப் பகை வளராது. ஒன்று பிழைப்பான், அல்லது ஏட்டிலிருந்து அடிக்கப்படுவான். போதிய அனுபவம் சேர்ந்து இரண்டு பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அவர்களில் ஒருவன் நாயகனாக உயரலாம் என்று ஒரு வாயிலைத் திறந்துவைத்திருக்கிறார்கள்; ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு. வைஷம்யம் என்ற குற்றம் இங்கே பகிரங்கமாக நிற்கிறது. துன்பம் ஆன்மாவை முதிரச்செய்யும் என்ற ஹிக்கின் சமாதானம் நாயகனுக்குப் பொருந்துகிற அளவு அடியாளுக்குப் பொருந்தவில்லை. அவன் மாண்டால் 25 பொற்காசில் வேறொரு வீரனைக் கூலிக்கு அமர்த்தலாம். பெரும்பாலும் செத்தவனின் பொம்மையையே எடுத்துப் புதியவனாக நிறுத்துவார்கள். தனிப் பொம்மை வாங்கி வண்ணம் தீட்ட யாருக்குப் பொழுது இருக்கிறது?