சாட்சியமும் சமுதாயமும்

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதும் குற்றம் நிகழவில்லை என்பதும் ஒன்றல்ல. முன்னையது மன்றின் கூற்று. பின்னையது வரலாற்றின் கூற்று. மன்று கைவிட்ட வழக்கிலே இறந்தோர்பால் நமக்குள்ள கடமை யாது என்பது அறநெறி சார்ந்த வினாவாகும்.

2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை திருகோணமலைக் கடற்கரையிலே, காந்தி சிலையருகே, தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுசென்ற கைக்குண்டே வெடித்ததென முதலிற் சொல்லப்பட்டது. உடல்களிற் காணப்பட்டவையோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். அவற்றைப் படம்பிடித்து வெளிப்படுத்திய பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அம்மாதம் 24ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். 2013இல் விசேட அதிரடிப்படையினர் பன்னிருவர் கைதாகிப் பின்னர் பிணையிற் சென்றனர். 2019 ஜூலை 3ஆம் நாள், போதிய சாட்சியமின்மையால், சந்தேகநபர் பதின்மூவரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது.

இத்தீர்ப்பின் பொருட்டு நீதவானைக் குறைகூறுதல் எளிது, ஆயினும் முறையன்று. சான்றின்றித் தண்டிக்கும் மன்று நாளை நிரபராதியையும் தண்டிக்கும். பொற்கொல்லன் சொல்லொன்றையே சான்றாகக் கொண்டமையாலன்றோ பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான்! ஆகவே குறையை, சாட்சி மன்றையடையும் வழியிலேயே தேடுதல் வேண்டும்.

அல்குர்ஆனின் பகரா அத்தியாயத்திலே கடன் பற்றிய நீண்ட வசனமொன்றுண்டு. அழைக்கப்படுமிடத்துச் சாட்சிகள் மறுத்தலாகாது என அது பணிக்கிறது. சாட்சிக்கு எவரும் தீங்கிழைத்தலாகாது எனவும் அதுவே விதிக்கிறது. இவ்விரு கடமைகளும் ஒருங்கே நிற்றல் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. பின்னைய கடமையைச் சமுதாயம் ஆற்றாதவிடத்து, முன்னைய கடமையைத் தனிமனிதனிடம் வற்புறுத்தும் உரிமை அதற்குக் குன்றுகிறது. படம்பிடித்தவர் கொல்லப்பட்ட நகரிலே கண்டவர் வாய்திறவாமையைக் கோழைமை என இகழ்தல் அறமாகாது. சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் இந்நாட்டில் 2015இலேயே நிறைவேறிற்று. அதற்குள் ஒன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இந்நிலை திருகோணமலைக்கு மட்டும் உரியதன்று. அதே ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், பொத்துவில் பொலிஸ் பிரிவிலே முஸ்லிம் தொழிலாளர் பதின்மர் வெட்டிக் கொல்லப்பட்டனர். நவம்பரில் நியமிக்கப்பட்ட உடலாகம ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட 16 சம்பவங்களுள் இவ்விரண்டும் அடங்கும். 2009இல் அதன் பணி முடிவுற்றபோது 7 சம்பவங்களின் விசாரணைகளே நிறைவுற்றிருந்தன. ஒரே கோவையிலே இடம்பெற்ற இவ்விரு கொலைகளுக்காகவும் நாம் ஒரே குரலில் நீதி கேட்டோமா? பொத்துவிலுக்காகத் திருகோணமலையும், திருகோணமலைக்காகப் பொத்துவிலும் பேசினவா? தன் இனத்தாரின் இறப்புக்கு மட்டும் நீதி கேட்பவன் கேட்பது நீதியன்று, தன் பங்கே.

அவ்வாறாயின் இனிச் செய்யத்தக்கது யாது? இலங்கைச் சட்டத்திலே கொலைக்குற்றத்துக்கு வழக்குத் தொடரும் உரிமை காலங்கடந்தமையால் அற்றுப்போவதில்லை. ஆயினும் கண்டவர் மூப்படைவர், புலம்பெயர்வர், மறைவர். சட்டம் காத்திருக்கும், நினைவு காத்திராது. எனவே அவர்தம் கூற்றுக்களை இனவேறுபாடின்றிப் பதிந்து, அவர்தம் பாதுகாப்புக்கு ஊறு நேராவண்ணம் பேணிவைத்தல் கற்றோர்க்குரிய கடமையாகின்றது. அஞ்சியவனைப் பேசுமாறு பணித்தற்கு முன்னர், அவன் அச்சமின்றிப் பேசத்தக்க சூழலை ஆக்குவதே சமுதாயம் அளிக்கவேண்டிய முதற் சாட்சியம்.